பனையூரிலிருந்து பனியூருக்கு!

எங்கள் ஊரில் பனை உண்டு, பனி கிடையாது. மார்கழி விடியற்காலையில் மப்ளரைக் காது மறையச் சுற்றிக்கொண்டு, "என்னா பனி, என்னா பனி!" என்று டீக்கடைக்கு வரும் பெரியவர்களை நம்பிவிடாதீர்கள். எட்டரை மணிக்கு அதே மப்ளரால் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டிருப்பார்கள்.

சங்கரன்கோவில். முன்பு திருநெல்வேலி மாவட்டம், 2019 முதல் தென்காசி மாவட்டம். மாவட்டம் மாறியதே தவிர வெயில் மாறவில்லை. வெளியூர்க்காரர்களுக்கு எங்கள் ஊர் என்றால் பிரியாணி ஞாபகம் வரும். பக்தர்களுக்குக் கோமதி அம்மனும் புற்றுமண்ணும். வியாபாரிகளுக்கு விசைத்தறியும் பூ மார்க்கெட்டும். இப்படிப்பட்ட ஊரில் பிறந்த ஒரு பையனுக்குப் பனிச்சறுக்கின் மேல் காதல் வந்தால் என்ன ஆகும்?

அவனுடைய மாமனுக்கு லீவ் செலவாகும். நான்தான் அந்த மாமன்.

பையன் என் அக்கா மகன். பெயர் முக்கியமில்லை. எங்கள் ஊரில் ஆண் பிள்ளை என்றால் பாதி சங்கர், பாதி நாராயணன். பெண் பிள்ளை என்றால் முக்கால்வாசி கோமதி. தெருவில் நின்று கூப்பிட்டால் நாலு வீட்டிலிருந்து 'என்ன?' என்று குரல் வரும். ஆகவே மருமகன் என்றே வைத்துக்கொள்வோம்.

2022 பிப்ரவரியில் பீஜிங்கில் குளிர்கால ஒலிம்பிக்ஸ் நடந்ததே, அதில் ஆரம்பித்தது வினை. இந்தியாவிலிருந்து போனவர் ஒரே ஒருவர். காஷ்மீர் குல்மர்க் பக்கத்துக்காரர், ஆரிஃப் கான். ஜயண்ட் ஸ்லாலம் என்ற பந்தயத்தில் 45-ஆம் இடம். பனி கொட்டிய அந்த நாளில் பல பேர் முடிக்காமலே வழுக்கி வெளியேறினார்கள், இவர் முடித்தார். அதைத் தறிப்பட்டறையில் உட்கார்ந்து செல்போனில் பார்த்த மருமகனுக்கு அப்போது ஒன்பதாம் வகுப்பு. "45-வதா வந்ததுக்கா இம்புட்டு சந்தோஷம்?" என்று அத்தான் கேட்டார். "இவருக்குப் பின்னாடி இந்தியாவுல 140 கோடிப் பேர் இருக்கோம்ப்பா" என்றானாம்.

மறுவாரமே குளத்தங்கரைச் சரிவில் பனை மட்டையைப் போட்டுச் சறுக்க ஆரம்பித்தான். முதலில் உட்கார்ந்து, பிறகு நின்றுகொண்டு. மாதத்துக்கு ஒரு கால்சட்டை கிழிந்தது. முட்டியில் நிரந்தரமாகப் புற்றுமண் பூச்சு. "எல்லா வீட்லயும் பிள்ளைங்க பம்பரம், கிரிக்கெட்னு விளையாடுது. எனக்கு வாய்ச்சது பனை மட்டையில போகுது" என்று அக்கா அழாத குறை.

* * *

பிளஸ் ஒன் வந்ததும் இன்ஜினீயரிங் காலேஜ் பேச்சு வந்தது. நம் வீடுகளில் இந்தப் பேச்சு எப்படி நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். பக்கத்து வீட்டுக்காரர், எதிர்வீட்டுக்காரர், பால்காரர் எல்லோரும் ஆளுக்கொரு குரூப் சொல்வார்கள். படிக்கப் போகிறவனை மட்டும் கேட்க மாட்டார்கள்.

அத்தானுக்குக் கணக்கு சுலபம். கோவில்பட்டியில் 1984 முதல் நேஷனல் இன்ஜினீயரிங் காலேஜ் இருக்கிறது. திருநெல்வேலியில் 1981-லிருந்து அரசு பொறியியல் கல்லூரி இருக்கிறது. நம்ம ஊர் கவுன்சலிங்குக்கு நுழைவுத்தேர்வு கிடையாது. பிளஸ் டூ மார்க் போதும். "பஸ்ல போயிட்டு பஸ்ல வந்திரலாம். சாயங்காலம் தறியையும் ஒரு பார்வை பார்த்துக்கிடலாம்." விளையாட்டா? கோவில்பட்டி ஹாக்கிக்குப் பேர்போன ஊராச்சே, மட்டையைத் தூக்கிக்கொண்டு அங்கே போகட்டுமே?

மருமகனிடம் வேறொரு நோட்டு இருந்தது. ஒருநாள் எனக்கு மட்டும் காட்டினான். ஸ்ரீநகர் என்.ஐ.டி., ஹமீர்பூர் என்.ஐ.டி., மண்டி ஐ.ஐ.டி. என்று பட்டியல். மற்ற பையன்கள் 'பிளேஸ்மென்ட் எத்தனை சதவீதம்' என்று கட்டம் போடுவார்கள். இவன் போட்டிருந்த கட்டம்: 'பனிக்கு எவ்வளவு தூரம்?'

"ஏல, இதை உங்கப்பன் பார்த்தா கொன்னே போட்டுருவாரு."

"மாமா, இன்ஜினீயரிங் நாலு வருஷம். அந்த நாலு வருஷத்தைப் பனி பக்கத்துல போய்ப் படிச்சா என்ன தப்பு? டிகிரி டிகிரிதானே?"

யோசித்துப் பார்த்தேன். தப்பு எதுவும் தெரியவில்லை. அதை அத்தானிடம் சொன்னதுதான் நான் செய்த தப்பு.

அத்தான் வெற்றிலையை மென்றபடி தீர்ப்பு சொன்னார். "மாப்ள, நீரே கூட்டிட்டுப் போயி அவனுக்கு அந்தப் பனியக் காட்டிட்டு வாரும். ரெண்டு நாள் பல்லு கிடுகிடுன்னு ஆடுச்சின்னா புத்தி தன்னால வரும்."

2024 பொங்கலையொட்டிப் புறப்பட்டோம். ஆபீசில் எல்.டி.சி. விதிமுறைகளைக் குடைந்து பார்த்தேன். மனைவி உண்டு, பிள்ளைகள் உண்டு, பெற்றோர் உண்டு. மருமகன் என்ற சொல் எந்தப் பக்கத்திலும் இல்லை! சொந்தக் காசுதான். மேனேஜர், "காஷ்மீருக்கா? பொங்கலுக்கா? சங்கரன்கோவில்காரரா?" என்று மூன்று கேள்வி கேட்டுவிட்டு, பரிதாபப்பட்டுக் கையெழுத்துப் போட்டார்.

* * *

சங்கரன்கோவில் ஸ்டேஷனில் பொதிகை எக்ஸ்பிரஸ். அக்கா ஒரு பையில் முறுக்கு, ஒரு பையில் புளியோதரை, ஒரு பொட்டலத்தில் புற்றுமண். "சறுக்கி விழுந்தா நீத்துப் பூசு" என்றாள். ஸ்வெட்டர் இரண்டு, அதில் ஒன்று என் கல்யாணத்துக்கு யாரோ பரிசாகக் கொடுத்து, அன்றுவரை பிரிக்காமல் இருந்தது.

காலையில் சென்னை. ராத்திரி தமிழ்நாடு எக்ஸ்பிரஸ். இரண்டு இரவு கழித்து தில்லி. அங்கிருந்து இன்னொரு இரவு ஜம்மு. ஜம்முவிலிருந்து ஷேர் டாக்ஸியில் மலைமேல் பானிஹால். அப்போது ஜம்மு பக்கத்து ரயிலும் காஷ்மீர் ரயிலும் ஒன்று சேரவில்லை. (செனாப் ஆற்றுக்கு மேலே 359 மீட்டர் உயரத்தில் பாலம் கட்டி, கட்ராவிலிருந்து ஸ்ரீநகருக்கு ரயில் விட்டது 2025 ஜூனில்தான். நாங்கள் ஒன்றரை வருஷம் முந்திக்கொண்டோம். நமக்கு எப்போதுமே இப்படித்தான்.)

பானிஹாலில் ரயில் ஏறினால் உடனே சுரங்கம். 11 கிலோமீட்டருக்கு மேல். 2013-ல் திறந்தது. நான் முறுக்கைக் கடித்தபடி 'எப்போடா வெளிச்சம் வரும்' என்று உட்கார்ந்திருந்தேன். மருமகன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "மாமா, நமக்கு மேல பீர் பாஞ்சால் மலை உக்காந்திருக்கு. பனி மூடி ரோடு அடைச்சாலும் இந்த ரயில் போகும். இதைக் கட்டினவன் இன்ஜினீயர்தானே?" என்றான். பனை மட்டைப் பையன் முதல்முறையாக இன்ஜினீயர் மாதிரி பேசியது அங்கேதான். அத்தானிடம் சொல்ல ஒரு பாயின்ட் கிடைத்தது என்று மனசுக்குள் குறித்துக்கொண்டேன்.

சுமார் 3,600 கிலோமீட்டர், ஐந்து நாள். ஸ்ரீநகரில் இறங்கியபோது என் மூக்கு இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டியிருந்தது. லாட்ஜ் குழாயைத் திறந்தால் தண்ணீர் வரவில்லை, குழாய்க்குள்ளேயே உறைந்துவிட்டதாம். டிசம்பர் 21-லிருந்து 40 நாளைக்கு இங்கே கடுங்குளிர். 'சில்லை கலான்' என்று அதற்குப் பெயரே வைத்திருக்கிறார்கள். ஊர்க்காரர்கள் தொளதொள அங்கிக்குள் கரி நெருப்புச் சட்டி வைத்துக்கொண்டு அசையாமல் நடக்கிறார்கள். பேரன் என்பது அங்கியின் பெயர், காங்கிரி என்பது சட்டியின் பெயர். எங்கள் ஊர் தீச்சட்டிக்குத் தூரத்துச் சொந்தம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் ஹஸ்ரத்பால். தால் ஏரிக்கரையில் என்.ஐ.டி. 1960-ல் ரீஜனல் இன்ஜினீயரிங் காலேஜாகத் தொடங்கி, 2003-ல் என்.ஐ.டி. ஆனது. என்ன இடம் சார் அது! ஒரு பக்கம் ஏரி, மறுபக்கம் மலை. இங்கே கிளாஸில் உட்கார்ந்து எவன் பாடம் கவனிப்பான் என்று தோன்றியது.

கவனிக்கிற பிரச்சினையே இல்லை, கேட் பூட்டியிருந்தது.

"விண்டர் வெகேஷன்" என்றார் காவலாளி. குளிர்காலத்தில் பையன்களெல்லாம் ஊருக்குப் போய்விடுவார்களாம். பிறகுதான் திரும்ப வருவார்களாம். நான் மருமகனைப் பார்த்துச் சிரித்தேன். "நல்லாப் பார்த்தியால? பனி வரும்போது காலேஜ் இருக்காது. காலேஜ் இருக்கும்போது பனி இருக்காது."

அவன் அசரவில்லை. "அதுதான் மாமா நமக்கு வேணும். லீவு வுட்டா அவன் ஊருக்குப் போவான், நான் குல்மர்க் போவேன்."

* * *

குல்மர்க்! ஸ்ரீநகரிலிருந்து 50 கிலோமீட்டர். தங்மர்க் வரை சமவெளி, அப்புறம் தேவதாரு மரங்களுக்கு நடுவே வளைந்து வளைந்து ஏறுகிறது ரோடு. மருமகன் என் கையைப் பிடித்திருந்தான். பதினாறு வயதுப் பையன். கை ஜில்லென்று இருந்தது. குளிரா, படபடப்பா, தெரியவில்லை.

கடைசி வளைவு திரும்பியது. மரங்கள் விலகின. பெரிய கிண்ணம் மாதிரி ஒரு புல்வெளி.

பழுப்பு நிறத்தில்.

பனி இல்லை! ஒரு கைப்பிடி கூட இல்லை. எங்கள் குளத்தங்கரை சித்திரை மாதத்தில் எப்படி இருக்குமோ, அப்படிக் காய்ந்த புல். அந்த வருஷ ஜனவரியில் குல்மர்க் பனியே காணாமல் வறண்டு கிடந்தது பேப்பரில் எல்லாம் வந்த செய்தி. ரயிலில் முறுக்கு தின்றுகொண்டிருந்த நாங்கள் எங்கே பேப்பர் பார்த்தோம்? சறுக்குக் கட்டைகள் கடைவாசலில் விறகு மாதிரி சாத்தியிருந்தன. குதிரைக்காரர்கள் வெயில் காய்ந்துகொண்டிருந்தார்கள்.

நான் சிரிக்கத்தான் வாயைத் திறந்தேன். 3,600 கிலோமீட்டர் வந்து புல் பார்த்த கதையை ஆபீசில் எப்படிச் சொல்லலாம் என்று மனசு வசனம்கூட எழுத ஆரம்பித்துவிட்டது. திரும்பிப் பார்த்தேன். மருமகன் ஒரு கல்லில் உட்கார்ந்து ஷூ லேஸை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தான். அழுகையை அடக்கும்போது அவன் அப்படித்தான் செய்வான், சின்ன வயசிலிருந்தே. சிரிப்பு தொண்டையிலேயே நின்றுவிட்டது.

பக்கத்தில் காங்கிரியோடு உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் விசாரித்தார். என் இந்தியில் பாதி கைஜாடை. தமிழ்நாடு, அதற்கும் கீழே, கன்னியாகுமரிக்குக் கொஞ்சம் மேலே என்று விளக்கினேன். அவர் முப்பது வருஷமாகச் சறுக்குச் சொல்லிக்கொடுக்கிறவராம். எழுந்து போய் ஒரு ஜோடி பூட்ஸையும் கட்டையையும் எடுத்து வந்தார். "காசு வேண்டாம். இந்த வருஷம் யாரும் வரவில்லை, எனக்கும் வேலை இல்லை" என்றார்.

காய்ந்த புல்லில் பாடம் தொடங்கியது. பூட்ஸை மாட்டி நிற்பது. முட்டியை மடக்கி, பாரத்தை முன்னால் கொடுப்பது. பக்கவாட்டில் படிபடியாக ஏறுவது. வேகத்தைக் குறைக்க முன்முனைகளைச் சேர்த்து, பின்முனைகளை அகட்டுவது. அதற்குப் பெயர் ஸ்னோ ப்ளோ. அதாவது பனிக் கலப்பை. "அட, நம்ம ஏரு!" என்றான் மருமகன். முதல்முறையாகச் சிரித்தான்.

மத்தியானம் கோண்டோலாவில் ஏறினோம். கம்பிவடத்தில் தொங்கிக்கொண்டு போகிற பெட்டி. பிரான்ஸ் நாட்டுக் கம்பெனி அமைத்தது; 1998-ல் முதல் கட்டம் கோங்தூரி வரை, 2005-ல் இரண்டாம் கட்டம் அஃபர்வாட் மலை வரை. நாங்கள் முதல் கட்டத்தோடு நிறுத்திக்கொண்டோம். அங்கேயும் பெரும்பாலும் புல்லும் கல்லும்தான். ஆனால் வெயில் படாத ஒரு மரநிழலில், எங்கள் தறிப்பட்டறை அகலத்துக்கு, கெட்டிப்பட்டுப்போன பழைய பனி கொஞ்சம் கிடந்தது. அழுக்குப் பனி. மேலே தேவதாரு இலைக் குப்பை.

மருமகன் குனிந்து அதைத் தொட்டான். கட்டையை மாட்டினான். பெரியவர் சொன்னபடி முட்டியை மடக்கினான். ஒரு பத்தடி. அவ்வளவுதான். பத்தடி போய், கலப்பை போட மறந்து, முகம் குப்புற விழுந்தான். எழுந்தவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! பிளஸ் டூவில் ஸ்டேட் ஃபர்ஸ்ட் வந்தவன்கூட அப்படிச் சிரித்திருக்க மாட்டான்.

இறங்கும்போது பெரியவர் சொன்னார்: "முன்பெல்லாம் எந்தத் தேதிக்குப் பனி வரும் என்று சொல்லிவிடுவோம். இப்போது சொல்ல முடியவில்லை. பையன் படிக்கட்டும். பனியை நம்பிப் பிழைக்க முடியாது. பனி ஏன் வரவில்லை என்று படித்துச் சொல்கிறவன் பிழைத்துக்கொள்வான்."

ரயிலில் மருமகன் வெகுநேரம் பேசவில்லை. தில்லி தாண்டியதும் நோட்டை எடுத்தான். 'பனிக்கு எவ்வளவு தூரம்' என்ற கட்டத்துக்குப் பக்கத்தில் 'சிவில்' என்று எழுதினான். சுரங்கம், கம்பிவடம், மலைரோடு, பனிச்சரிவு எல்லாம் அதில்தான் வருகிறதாம். பனிச்சரிவை ஆராயும் நிலையம் மத்திய அரசின் பாதுகாப்பு ஆராய்ச்சித் துறையிலேயே இருக்கிறதாம். நாங்கள் ஊர் வந்து சேர்ந்து சில நாளில் குல்மர்கில் பனி கொட்டியது. பிப்ரவரியில் கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டும் அங்கேயே நடந்தது. அதைப் பார்த்து நான்தான் பல்லைக் கடித்தேன். அவன், "பரவால்ல மாமா, எங்கே போயிரப் போவுது?" என்றான்.

* * *

2025. மருமகன் ஜே.இ.இ. எழுதினான். ரேங்க் பிரமாதமில்லை, மோசமுமில்லை. உங்கள் வீட்டிலும் பையன் இருந்தால் இதைத் தெரிந்துகொள்ளுங்கள்: என்.ஐ.டி.களில் பாதி இடம் அந்தந்த மாநிலப் பிள்ளைகளுக்கு. மீதிப் பாதி மற்ற எல்லா மாநிலத்தாருக்கும். நாம் திருச்சியில் உள்ளூர்க்காரர், ஸ்ரீநகரில் வெளியூர்க்காரர். தூரத்தைப் பார்த்துப் பலர் தயங்குவதால், திருச்சியில் எட்டாத கிளை அங்கே எட்டலாம். வீட்டு வருமானம் வருஷத்துக்கு 5 லட்சத்துக்குள் என்றால் டியூஷன் கட்டணத்தில் மூன்றில் இரண்டு பங்கு தள்ளுபடி. இதைக் கேட்டதும் அத்தான் வெற்றிலையைத் துப்பிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

எல்லாம் கூடி வரும் நேரத்தில் ஏப்ரல் 22. பஹல்காம். 26 பேரைச் சுட்டுக் கொன்றார்கள். சுற்றுலா வந்தவர்களைக் காப்பாற்றப் போன உள்ளூர்க் குதிரைக்காரர் ஒருவரும் அதில் போனார். மே மாதம் எல்லையில் சண்டை. வெளிமாநில மாணவர்கள் பெட்டியைக் கட்டிக்கொண்டு காஷ்மீரிலிருந்து திரும்பும் படத்தை அக்கா டி.வி.யில் பார்த்தாள்.

மருமகன் முதலில் செய்த காரியம், குல்மர்க் பெரியவருக்குப் போன் போட்டதுதான். அவர் நலம். ஆனால் மறுபடி வேலையில்லை. "இப்போது வராதே பேட்டா. நிலைமை சரியானதும் வா. கட்டை இங்கேதான் இருக்கும்" என்றாராம்.

ஜூனில் கம்ப்யூட்டர் சென்டரில் உட்கார்ந்து காலேஜ் வரிசையைப் பதிய வேண்டும். திரையைப் பார்த்த அத்தான் அலறினார்: "மாப்ள, இதுல ரெண்டு ஸ்ரீநகர் இருக்குவே!" ஒன்று காஷ்மீர்; இன்னொன்று உத்தராகண்ட் என்.ஐ.டி. இருக்கும் கட்வால் ஸ்ரீநகர், பத்ரிநாத் போகும் வழியில். 'ஸ்ரீநகர்' என்று படித்ததும் அவசரத்தில் அமுக்கிவிடாதீர்கள். 

மருமகன் முதல் இடத்தில் காஷ்மீரைத்தான் போட்டிருந்தான். அக்கா வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரு வார்த்தை பேசவில்லை. அன்று ராத்திரி சாப்பிடாமல் நின்றுபோன தறிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்திருந்தாள். மருமகன் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"ஏம்மா, போகட்டுமா, வேண்டாமா? ஒண்ணு சொல்லேன்."

அக்கா சொன்னாள்: "சங்கன்னும் பதுமன்னும் ரெண்டு நாகராசா. ஒருத்தன் சிவன் பெரிசுங்கான், ஒருத்தன் பெருமாள் பெரிசுங்கான். சண்டை தீரல. கோமதியாத்தா ஒத்தக்கால்ல தவசிருந்தா. சாமி என்ன செஞ்சாரு? பாதி சிவனா, பாதி பெருமாளா வந்து நின்னாரு. நீ எனக்குப் பாதி குடு, உனக்குப் பாதி எடுத்துக்கோ. அம்புட்டுத்தான் கேக்கேன்."

மருமகன் மறுநாள் வரிசையை மாற்றினான். ஹமீர்பூர் மேலே ஏறியது. ஹிமாசலப் பிரதேசம், 1986-ல் தொடங்கிய கல்லூரி. அந்த ஊரில் பனி விழாது. ஆனால் பஸ் பிடித்தால் மணாலி. அங்கே மலையேற்றத்துக்கும் சறுக்குக்கும் அரசாங்கப் பயிற்சி நிறுவனமே இருக்கிறது. சோலாங் சரிவில் கற்றுத் தருகிறார்கள். சிவில் கிடைத்தது. ஆடித்தபசு சமயத்தில் அக்கா கோயிலில் ஆடிச்சுற்று சுற்றினாள். 108-ல் எத்தனை படிப்புக்கு, எத்தனை சறுக்குக்கு என்று கேட்டேன். "ரெண்டும் ஒண்ணுதாம்ல, போ" என்றாள்.

குளிர்கால லீவில் ஒருநாள் ஆபீசுக்கு மருமகனின் போன். பின்னால் ஒரே காற்றுச் சத்தம்.

"மாமா! விழுந்துட்டேன்!"

"அய்யய்யோ, எத்தனை தடவைடா?"

"எண்ணல மாமா. எல்லாம் புதுப் பனியில!"

சாயங்காலம் வீட்டுக்குப் போய் அக்காவிடம் அப்படியே சொன்னேன். அவள் கேட்டது ஒரே கேள்விதான்.

"புத்துமண்ணு தீந்திருச்சான்னு கேட்டியால?"